பழைய குரோனோகிராஃப் வாட்ச்: காசைக் கொடுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது

மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள், பக்கவாட்டில் இரண்டு பட்டன் வைத்த பழைய குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச், நாலைந்து எப்போதும் கிடக்கும், கேட்டால் எல்லாமே ஒரிஜினல்தான். மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற நம் நண்பர்கள் படம் எடுத்து அனுப்பி என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இது டூப்ளிகேட்டா?" அந்தக் கேள்வி பாதி வேலைதான் செய்யும். முழு டூப்ளிகேட்டை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பணத்தை முழுங்குவது வேறு வகை. மெஷின் ஒரு வாட்சிலிருந்து, கேஸ் இன்னொன்றிலிருந்து, டயலுக்குப் புது பெயின்ட், முள் எந்த டப்பாவிலிருந்தோ. தனித்தனியாக எடுத்தால் பாகங்கள் நிஜம், ஆனால் அப்படி ஒரு வாட்ச் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததே கிடையாது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இது: டயல், முள், கேஸ், மெஷின் நாலும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா? ஒன்று 1958 என்று சொல்லி இன்னொன்று 1975 என்று சொன்னால், எது பொய் என்று கண்டுபிடிக்கும் வரை பணப்பை வெளியே வரக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடும் வழிதான்.

போவதற்கு முன்

10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, சின்ன யூவி டார்ச் ஒன்று, ஸ்லோமோஷன் எடுக்கிற போன். இவ்வளவு போதும். பகல் வெளிச்சத்தில் போங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் பெயின்ட் அடித்த டயலும் பழைய டயலும் ஒரே மாதிரி தெரியும். வெள்ளிக்கிழமை மட்டன் தெருக் கடைகளுக்கு லீவு, அன்று தெருவில் விரிக்கிற ஜும்மா சந்தைதான். அங்கே நிதானமாக உட்கார்ந்து பார்க்க இடமும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. முதல் வாட்ச் வாங்குகிறவர்கள் வேறு நாளில் போவது நல்லது.

இன்னொன்று, என்ன மாடல் தேடுகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதே மாடலின் நல்ல படங்கள் பத்துப் பதினைந்தை போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் தெளிவான படங்கள் கிடைக்கும், பின்மூடியைத் திறந்து எடுத்த படமும் சிலவற்றில் இருக்கும். கடையில் நின்றுகொண்டு தேட ஆரம்பித்தால் கடைக்காரர் சொல்கிற கதைதான் மனதில் நிற்கும்.

டயல்: லூப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு பாருங்கள்

மும்பையில் பாதித் தீர்ப்பு டயலிலேயே முடிந்துவிடும். பழைய வாட்ச்களுக்குப் புது டயல் பெயின்ட் அடித்து விற்பது இந்த ஊரில் ஒரு தொழிலாகவே நடப்பதால், 'மும்பை ஸ்பெஷல்' என்ற பெயரே உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்களிடம் ஏற்பட்டுவிட்டது. சாதாரண மூன்று முள் வாட்சில் சின்ன டயல் இரண்டை வெறுமனே அச்சடித்து, பக்கத்தில் அசையாத பட்டனைச் சொருகி குரோனோ என்று விற்பதும் உண்டு. சின்ன டயல்களில் இருக்கும் முள் நிஜமாக நகர்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, கருவி எதுவும் தேவைப்படாத ஒரு சோதனை. டயலின் ஓரத்திலோ வெளி வளையத்திலோ டாக்கிமீட்டர் எண்கள் இருந்தால் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டரை எத்தனை நொடியில் கடந்தோம் என்பதை வைத்து வேகம் சொல்லும் அளவுகோல் அது, 3600-ஐ நொடியால் வகுத்தால் வருகிற எண் அங்கே இருக்க வேண்டும். 20 நொடிக்கு நேராக 180, 30 நொடிக்கு நேராக 120, 36-க்கு 100, 40-க்கு 90, 45-க்கு 80, 60-க்கு 60. கை வேலையாக பெயின்ட் அடித்த டயலில் 30 நொடிக்கு நேராக 120 நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கும், சிலவற்றில் எண்களே தாறுமாறாக இருக்கும். தொழிற்சாலை அந்தத் தவறைச் செய்யாது. வளையத்தில் இருக்கிற அளவுகோல் மட்டும் தள்ளி நின்றால், வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சரி செய்யக்கூடியது.

இப்போது லூப்பை எடுத்து நொடிக் கோடுகளைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சுவிஸ் குரோனோகிராஃப் மெஷின்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிப்பவை, அதாவது நொடிக்கு 5. அதனால் இரண்டு நொடிக் கோடுகளுக்கு நடுவே நாலு சிறு கோடு போட்டு ஐந்து இடைவெளியாகப் பிரித்திருப்பார்கள், டயலைச் சுற்றி மொத்தம் 300 பிரிவு. நல்ல டயலில் இந்த முந்நூறும் ஊசி முனையில் வரைந்த மாதிரி ஒரே தடிமனில் ஒரே இடைவெளியில் நிற்கும். மறுபடி அச்சடித்ததில் ஒரு இடத்தில் நாலு கோடு, இன்னொரு இடத்தில் மூன்று, ஓரத்தில் மை பரவி இரண்டு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சுற்று முழுதும் பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

சின்ன டயல்களின் தரையையும் பாருங்கள். பல மாடல்களில் அது பள்ளமாக இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் இசைத்தட்டில் இருப்பது போல மெல்லிய வட்ட வரிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். புது பெயின்ட் அடித்தால் அந்த வரிகள் அடைத்துப் போகும். மேலே பளபளப்பாகவும் உள்ளே மழுங்கலாகவும் தெரிந்தால் டயல் கைபட்டது. 30 நிமிடக் கணக்குச் சொல்லும் டயலில் 30 பிரிவு இருக்கிறதா என்றும் எண்ணிவிடுங்கள்.

மும்பையின் ஈரக்காற்றில் அறுபது வருஷம் இருந்த டயல் என்றால் ஓரத்திலாவது புள்ளி, நிறமாற்றம், பூஞ்சைத் தடம் ஏதாவது இருக்க வேண்டும். வெளிநாட்டில் வறண்ட இடத்தில் பத்திரமாக இருந்தது என்றால் வேறு கதை. "எங்க தாத்தா போட்டுக்கிட்டு இருந்தது, தாதரிலேயே இருந்தோம்" என்று சொல்லிக் காட்டுகிற வாட்சில் டயல் நேற்று வந்தது போல மின்னினால் நான் நம்ப மாட்டேன். கொஞ்சம் வயதான, அசல் டயலுக்குத்தான் விலை கூட. இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், ஆனால் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

ரேடியம்

இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு நம்மிடம் பொதுப்பெயர் ரேடியம். நிஜமான ரேடியம் 1960களின் தொடக்கம் வரைதான், அதன் பிறகு ட்ரிட்டியம், 1990களின் கடைசியில் கதிர்வீச்சு இல்லாத சூப்பர் லூமினோவா. டயலில் 6 மணிக்குக் கீழே இருக்கும் எழுத்து இதைச் சொல்லும். வெறும் ஸ்விஸ் என்று மட்டும் இருந்தால் ரேடியம் காலமாக இருக்கலாம், ஸ்விஸுக்கு இரண்டு பக்கமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ட்ரிட்டியம். 1955 வாட்ச் என்று சொல்லிவிட்டு டயலில் 'டி' இருந்தால் அந்த டயல் பிறகு மாற்றியது. கம்பெனியே சர்வீஸில் மாற்றித் தந்ததாக இருக்கலாம், அது போலி ஆகாது, ஆனால் விலை இறங்க வேண்டும்.

ட்ரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 வருஷம். 1968-ல் பூசியது இன்று தானாக ஒளிர வாய்ப்பே இல்லை. யூவி டார்ச்சை அடித்து அணைத்துப் பாருங்கள், பழைய பூச்சு கொஞ்சம் மின்னி சில நொடியில் செத்துவிடும். பச்சையாக ஐந்து நிமிடம் ஜொலித்தால் புதுப்பூச்சு. டயல் புள்ளிகளும் முள்ளும் ஒரே நிறத்தில் மங்கியிருக்கின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள்.

ரேடியம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதன் அரைவாழ்வு 1,600 வருஷம், ஒளி செத்துப் போயிருந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். உதிர்ந்த தூளை ஊதுவது, நகத்தால் சுரண்டுவது, குழந்தைகள் பக்கத்தில் வைத்துத் திறப்பது எதுவும் வேண்டாம்.

முள், கேஸ்

நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், குரோனோ நொடி முள் வெளி நொடிக் கோட்டைத் தொட வேண்டும். குட்டையாக நின்றால் வேறு வாட்சின் முள்.

கேஸில் பார்க்க வேண்டியது விளிம்புகள். பட்டை மாட்டும் கொம்புகள் நாலும் ஒரே தடிமனில், கூரான விளிம்போடு இருந்தால் நல்லது. இங்கே விற்பதற்கு முன் பஃப் போட்டுப் பளபளப்பாக்கிவிடுவது வழக்கம், இரண்டு மூன்று முறை போட்டால் விளிம்பெல்லாம் உருண்டு சோப்பு போல ஆகிவிடும், பின்மூடி எண்களும் தேய்ந்து ஆழம் குறைந்துவிடும். முலாம் பூசிய கேஸ் என்றால் கொம்பு முனையில் பித்தளை எட்டிப் பார்ப்பது இயல்பு. முனையில் முலாம் புதிதாகவும் பின்மூடி எழுத்து மங்கியும் இருந்தால் மறுபடி முலாம் போட்டிருக்கிறார்கள். 18 காரட் தங்கம் என்று வரும் பெயர் தெரியாத பழைய சுவிஸ் குரோனோக்களில் கேஸ் பல சமயம் மெல்லிய தகடுதான், தங்க எடைக்குக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

பட்டன் உள்ளே போகிற துளையைச் சுற்றி லூப்பில் பாருங்கள். நம் ஊர் வியர்வையும் மழையும் முதலில் உள்ளே இறங்குவது அந்த வழியாகத்தான். துரு வளையம் தெரிந்தால் உள்ளேயும் துரு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டனை அமுக்கும் முறை

கடைக்காரரையே அமுக்கச் சொல்லுங்கள். மேல் பட்டன் ஓட்டம், மறுபடி மேல் பட்டன் நிறுத்தம், கீழ் பட்டன் பூஜ்யத்துக்குத் திரும்புவது. இதுதான் பொது முறை. ஆனால் இங்கே நிறைய கண்ணில் படுகிற லாண்டரோன் 48 மெஷினில் முறை வேறு: மேல் பட்டன் ஓட்ட மட்டும், கீழ் பட்டனை ஒரு முறை அமுக்கினால் நிற்கும், இன்னொரு முறை அமுக்கினால் பூஜ்யம். இது தெரியாமல் ரிப்பேர் என்று நினைத்து நல்ல வாட்சை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு, மேல் பட்டனைப் பலமாக அமுக்கிக் கெடுப்பவர்களும் உண்டு. முள் ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜ்யப் பட்டனை அமுக்காதீர்கள். அதற்கென்றே செய்த ஃப்ளைபேக் மெஷினைத் தவிர மற்றவற்றில் அது மெஷினைக் கெடுக்கும்.

கவனிக்க வேண்டியது: பூஜ்யத்துக்கு அடிக்கும்போது எல்லா குரோனோ முள்ளும் சரியாக 12-க்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஓட ஆரம்பிக்கும்போது சின்னத் துள்ளல் பரவாயில்லை, இரண்டு மூன்று நொடி தாவினால் சர்வீஸ் கேட்கிறது. ஒரு நிமிடம் முடியும்போது நிமிடக் கணக்கு முள் ஒரு பிரிவு நகர வேண்டும். முடிந்தால் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அந்த நேரத்தில் சாயா குடித்துவிட்டு வரலாம். பல குரோனோக்கள் இரண்டு நிமிடம் அழகாக ஓடி இருபதாவது நிமிடத்தில் நிற்கும்.

பின்மூடியைத் திறக்காமல் வாங்கவே கூடாது

"கோல்கே திகாவோ பாய்" (திறந்து காட்டுங்கள்) என்று கேளுங்கள். திறக்க மறுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள், எவ்வளவு அழகான வாட்சாக இருந்தாலும் சரி.

திறந்ததும் மெஷினின் எண்ணைத் தேடுங்கள், பெரும்பாலும் முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் தட்டில் பொறித்திருக்கும். சுவிஸ் மெஷின் கம்பெனியான வால்ஜூவின் 72 என்றால் மூன்று சின்ன டயல்: 3-ல் 30 நிமிடம், 6-ல் மணி, 9-ல் ஓடும் நொடி. வால்ஜூ 7733 என்றால் இரண்டு: 3-லும் 9-லும். 7734 அதே அமைப்போடு தேதியும் சேர்ந்தது. 7750 என்றால் 12, 6, 9, அது 1970களில் வந்த ஆட்டோமேட்டிக். டயலில் இருக்கும் அமைப்பும் உள்ளே இருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும், எண் சொல்லும் காலமும் கேஸ் சொல்லும் காலமும் பொருந்த வேண்டும். 1962 வாட்ச் என்று சொல்லி உள்ளே 7733 இருந்தால் கதை உடைந்தது, ஏனென்றால் வால்ஜூ 1966-ல் வீனஸ் கம்பெனியை எடுத்துக்கொண்ட பிறகு வீனஸ் 188-ஐ வைத்து உருவாக்கிய குடும்பம் அது.

குரோனோவை ஓட்டி நிறுத்தும் பாகத்தில் காலம் வீல் (ஆங்கிலத்தில் column, அதாவது தூண்), கேம் என்ற வித்தியாசத்தையும் கண் பழக்கிக்கொள்ளுங்கள். காலம் வீல் என்பது கோட்டைக் கொத்தளம் போல நின்ற தூண்கள் கொண்ட சின்னச் சக்கரம், பட்டனை அமுக்கும்போது ஒரு பல் திரும்பும். கேம் வகையில் அந்த இடத்தில் தட்டையான தகடு முன்னும் பின்னும் அசையும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இது பெரிய தடயம். 105.012, 145.012 ஆகிய மாடல்களில் காலம் வீல் வைத்த 321 மெஷின் இருக்க வேண்டும், 145.022-ல் கேம் வைத்த 861. மாடல் எண் பின்மூடியின் உள்பக்கம் இருக்கும். உள்பக்கம் 145.012 என்றும் மெஷின் 861 என்றும் இருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்திருக்கிறார்கள். 321 காலத்து டயலில் ஒமேகா சின்னம் ஒட்டிய உலோகமாக இருக்கும், 861 வந்து சிறிது காலத்தில் அது அச்சாக மாறியது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சீனத்து எஸ்டி19 மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீனஸ் 175-ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது, காலம் வீல் உண்டு, பார்க்க அழகாக இருக்கும், அந்த விலைக்கு நல்ல மெஷினும்கூட. அதைப் பழைய சுவிஸ் பெயர் அச்சடித்த டயலுக்குப் பின்னால் வைத்து விற்பதுதான் பிரச்சினை. வீனஸ் மணிக்கு 18,000 துடிப்பு, எஸ்டி19 மணிக்கு 21,600. குரோனோ நொடி முள்ளை ஓடவிட்டு போனில் ஸ்லோமோஷன் எடுத்து ஒரு நொடிக்கு எத்தனை அடி வைக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் பேச்சைத் தொடரலாம், ஆறு என்றால் அது ஐம்பதுகளின் வீனஸ் இல்லை.

செய்கோ (Seiko) 6139 தேடுகிறவர்களுக்கு

நம் ஊரில் அதிகம் கிடைக்கும் பழைய குரோனோ இதுதான். 1969-ல் வந்த ஆட்டோமேட்டிக், மஞ்சள் டயல் மாடலை வில்லியம் போக் 1973-ல் ஸ்கைலேப் விண்வெளிப் பயணத்தில் கட்டிக்கொண்டு போனதால் அதற்குப் போக் என்றே பெயர். ஆசை அதிகம் என்பதால் புதிதாக அடித்த டயல்களும் அதிகம்.

முதல் சோதனை: சாவி கொடுத்துப் பாருங்கள். 6139-ஐ சாவியால் வைண்ட் செய்ய முடியாது, ஆட்டினால்தான் ஓடும். சாவியை உள்ளே அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும். வைண்ட் ஆகிறது என்றால் உள்ளே இருப்பது 6139 இல்லை. தனியாக ஓடும் நொடி முள்ளும் இதில் கிடையாது, பெரிய நொடி முள் குரோனோவை ஓடவிட்டால் மட்டுமே நகரும். இருக்கும் ஒரே சின்ன டயல் 6-ல், 30 நிமிடத்துக்கானது.

பின்மூடி சீரியலின் முதல் எண் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் எண்ணுக்குப் பதில் எழுத்து. 32 என்று ஆரம்பித்தால் 1973 பிப்ரவரி. டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் 6139 என்று தொடங்கும் குறியீடு இருக்க வேண்டும், லூப் இல்லாமல் படிக்கவே முடியாத அளவு சன்னமாக. தடித்து மங்கலாக இருந்தால் புது டயல். நீர் தாங்கும் அளவைச் சொல்லும் வாசகமும் உதவும்: தொடக்க கால டயலிலும் பின்மூடியிலும் 'வாட்டர் ப்ரூஃப்' என்று வரும், எழுபதுகளின் தொடக்கத்தில் அது 'ரெசிஸ்ட்' ஆனது. 1975 சீரியலோடு 'ப்ரூஃப்' டயல் வந்தால் இரண்டில் ஒன்று வேறிடத்துச் சரக்கு.

பேப்பர் இருக்கிறதே என்றால்

பெட்டியும் பேப்பரும் இருந்தால் சந்தோஷம், ஆனால் அவை வாட்சைப் பார்க்கிற வேலைக்குப் பதில் ஆகாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 1957 ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் 2915 ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. 2023-ல் ஒமேகாவே அது பல பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்றும் தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் தொடர்பு இருந்தது என்றும் சொன்னது. அவ்வளவு பெரிய மேடையிலேயே நடக்கிறது என்றால், மட்டன் தெருவில் வாரண்டி அட்டையைக் காட்டினால் அதில் இருக்கும் எண்ணை வாட்சில் இருக்கும் எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்ப்பதுதான் முறை.

விலை, பில்

வாங்க முடிவு செய்துவிட்டால், குரோனோ வேலை தெரிந்த ரிப்பேர்காரரிடம் சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வாட்ச் பார்க்கிற எல்லோருக்கும் இது கைவராது, செலவும் கூட. அந்தத் தொகையைக் கழித்து, மாற்றிய டயல், மாற்றிய முள், பஃப் போட்ட கேஸ் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கழித்து விலை பேசுங்கள். கண்ணாடியும் சாவியும் தேய்கிற பாகங்கள், அவை மாறியிருப்பதற்காக ரொம்பப் பிடிவாதம் வேண்டாம்.

போனிலேயே வாங்குவதாக இருந்தால், பின்மூடி திறந்த படமும், ஓட்டி ஒரு நிமிடம் தாண்டி நிறுத்தி பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிற வெட்டாத வீடியோவும் வராமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். கடையில் வாங்கினால் பில்லில் கேஸ் எண், மெஷின் எண், எது அசல், எது மாற்றியது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு வாரத்துக்குள் ரிப்பேர்காரர் வேறு மாதிரி சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் ஒரு வரி. நேர்மையான கடைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார். வாங்கிய கையோடு சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள், எண்ணெய் காய்ந்த மெஷினில் அது முடியும் வரை பட்டனைத் தொடாதீர்கள்.